கால் எட்டாத சைக்கிள்

மாசிலாமணி அந்த இல்லத்துக்கு வந்தபோது அவரிடம் ஒரு துணிப்பை இருந்தது, ஒரு சைக்கிள் இருந்தது, ஒரு கேள்வி இருந்தது. பையைக் கீழே வைத்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கேள்வியை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

இல்லம் என்றதும் கோபுரமும் குளமும் உள்ள மடத்தை நினைத்துவிட வேண்டாம். தேரிக்காட்டுச் செம்மணலின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், அவ்வளவுதான். படுத்த படுக்கையாகிப் போனவர்களையும், பெற்ற பிள்ளைகளே கைகழுவி விட்டவர்களையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நடத்தியவள் இசக்கியம்மாள். நாற்பதுகூட ஆகாத பெண். ஆனால் பல் போன கிழவர்களும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தலைமுடி நரைக்கும் முன்பே இந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

மாசிலாமணி உள்ளே போனபோது அம்மா ஒரு கிழவரைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

"இந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி."

பிடித்தார். காய்ந்த குச்சி போல இருந்தது அந்தக் கால்.

"இப்பம் கேளுங்க."

"எம் மவன் ரோட்டோரம் கெடந்தான் அம்மா. பட்டப்பகல்ல. லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். சரி, அவன் கொலைகாரன், அவனை விடுங்க. அதுக்குப் பெறவு அந்த வழியா எத்தனை பேரு போனாங்க! காரு, பஸ்ஸு, பைக்கு. எல்லாரும் பாத்துக்கிட்டேதான் போயிருக்காங்க. கடைசியில ஒரு மீன்காரப் பொம்பளைதான் கூடையை எறக்கி வச்சிட்டுக் கூப்பாடு போட்டிருக்கா. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பான்னு." பிடித்த காலை விடாமலே கேட்டார். "அவங்க ஏம்மா நிக்கலை?"

அம்மா புண்ணின் மேல் மருந்தைத் தடவி, துணியை மூடினாள். கை கழுவிவிட்டு வந்தாள்.

"வாசல்ல நிக்குத சைக்கிள் உங்களுதா?"

"மவனுது."

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. தள்ளிக்கிட்டேதான் வந்தேன்."

"ஓட்டப் படிங்க."

பதில் என்றால் இதுதான் பதில். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மாசிலாமணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். ஆனால் இதே கேள்வியை அவர் போலீஸ்காரரிடம் கேட்டிருக்கிறார், பூசாரியிடம் கேட்டிருக்கிறார், சொந்தக்காரர்களிடம் கேட்டிருக்கிறார். எல்லாரும் சட்டென்று பதில் சொன்னார்கள். விதி என்றார்கள், காலம் கெட்டுப் போச்சு என்றார்கள். ஒருவராவது பதில் சொல்லாமல் இருந்தது அவருக்கு ஆறுதலாக இருந்தது. தங்கிவிட்டார்.

இல்லத்தில் தங்குகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. சுற்றுப்பட்டுக் குடியிருப்புகளில் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறவர்களுக்குத் தினமும் கஞ்சியும் மருந்தும் கொண்டுபோக வேண்டும். சைக்கிளில்தான் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் அம்மா சொல்வாள்: "நடந்து போனா கஞ்சி ஆறிப்போவும். மோட்டார்ல போனா மனுச மொகம் தெரியாது."

காலையில் வாகை மரத்தடியில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவராக ஏறி உட்கார, அம்மா பின்னால் நின்று கேரியரைப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கால் தரையில படுதா?"

"படுது அம்மா."

அதன் பிறகுதான் கஞ்சித் தூக்குவாளி ஹேண்டில்பாரில் ஏறும். வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்களிடமும் கேட்பாள். அவர்களும் சலிக்காமல் பதில் சொல்வார்கள்.

புதிதாக ஓட்டுகிறவர் என்றால் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதிக்கச் சொல்வாள். முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைக்கச் சொல்வாள். முழங்கால் லேசாக மடங்க வேண்டும். மிதிக்கும்போது இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தால் சீட்டை இறக்குவாள். முழங்கை விறைத்து நின்றால் ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவருவாள். சீட்டின் மூக்கு வானம் பார்த்தால் குனிய வைப்பாள். புதியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறக்கியே வைப்பாள். பழகின பிறகு ஏற்றிக்கொள்ளலாம், முதலில் தரையில் நிற்கத் தெரியட்டும் என்பாள். அவள் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கி யாரும் பார்த்ததில்லை. ஸ்பேனர்தான் தொங்கும்.

மாசிலாமணியின் முறை வந்தது. கல்லின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து சீட்டில் உட்கார்ந்தார். அவர் கட்டை உருவம். மகன் முகிலன் பனை மாதிரி வளர்ந்தவன். சைக்கிள் மகனின் உயரத்துக்கு நின்றது. அப்பாவின் கால்கள் இரண்டு பக்கமும் அந்தரத்தில் தொங்கின.

"கால் தரையில படுதா?"

"படலை அம்மா."

அம்மா ஸ்பேனரை எடுத்துக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். சீட்டின் கம்பி ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்தில் சுற்றிலும் வெல்டிங் அடித்திருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

அது நடந்தது இப்படி. மகன் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் மாசிலாமணியின் மச்சினன் சந்தைக்குப் போக இந்தச் சைக்கிளை எடுத்தான். காலுக்கு எட்டவில்லை என்று சீட்டை இறக்கிவிட்டான். திரும்பி வந்தவனை மாசிலாமணி சட்டையைப் பிடித்து உலுக்கி, தெருவே கூடும்படி சண்டை போட்டார். மகன் உட்கார்ந்த உயரம் எது என்று கம்பியில் இருந்த பழைய கீறலைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணீரும் கம்பலையுமாகப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். இனி எந்தப் பயலும் இதை இறக்கக் கூடாது என்று வெல்டிங் வைத்துவிட்டார்.

"அவன் உக்காந்த இடம் அம்மா. அது அங்கனயே இருக்கட்டும்."

"நீங்க தையக்காரர்தானே?"

"ஆமா."

"உங்க மவன் சட்டையை நீங்க போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சட்டையின் கை அவர் விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அளவு எடுத்துத் தைத்த மனிதர், அந்தக் கையை ஒரு மடிப்பு மடித்துத் தைக்கவில்லை.

அம்மா ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த சைக்கிளுக்குப் போனாள். அன்றிலிருந்து மாசிலாமணியின் முறை வரும்போது கேரியரைப் பிடிப்பாள், தூக்குவாளியை மாட்டுவாள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்க மாட்டாள்.

ஓட்டப் படித்துவிட்டார் மாசிலாமணி. விழுந்தார், எழுந்தார், முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். ஆனால் காலம் முழுக்கத் தையல் மெஷினை மிதித்த கால்களுக்குப் பெடலைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது? மிதிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் நிறுத்துவதில்தான். தையல் மெஷின் நின்றால் கீழே சாயாது. சைக்கிள் சாயும்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். கால் ஊன்ற உயரமான கல் இருக்கும் இடத்தில் மட்டுமே நிறுத்துவது என்று. இல்லத்து வாசலில் ஒரு கல். ஓடைப் பாலத்தின் கட்டைச்சுவர். பம்ப்செட் தொட்டி. கடைசியில் பொன்னையா வீட்டு முற்றத்துத் துவைக்கல். பொன்னையா பனையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர், அவருக்குத்தான் மாசிலாமணி கஞ்சி கொண்டுபோவார். மற்றவர்களுக்கு அந்தச் சாலை மரங்களாலும் வீடுகளாலும் ஆனது. அவருக்குக் கற்களால் ஆனது.

வழியில் யாராவது கூப்பிட்டால் மணி அடித்துத் தலையாட்டிவிட்டுப் போவார். "தையக்கார அண்ணாச்சி நிக்க மாட்டாரு, அவருக்கு அம்புட்டு அவசரம்" என்று ஊரில் கேலி பேசினார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

உடம்பு மட்டும் சிரிக்கவில்லை. பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இரண்டு பக்கமும் உருண்டது. முழங்காலின் பின்பக்கம் நரம்பு சுண்டி இழுத்தது. ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரத்துப் போனது. படுத்தால் புரள முடியாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வலி அவருக்குப் பிடித்திருந்தது. வலிக்கும்போதெல்லாம் மகன் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. வலி குறைந்தால் அவன் போய்விடுவானோ என்று பயந்தார்.

அன்றைக்கு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம், உடைமரத்தடியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். ஆடு மேய்க்கிறவள். அடிக்கடி பார்க்கிற முகம்தான். அவரைக் கண்டதும் கையைத் தூக்கினாள். ஏதோ சொன்னாள். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோயிற்று.

இரண்டு பக்கமும் வெறும் மணல். ஒரு கல் இல்லை. இறங்கினால் விழ வேண்டும். விழுந்தால் பொன்னையாவின் கஞ்சி மணலுக்குத்தான்.

"வரும்போது பாக்கேன் தாயி" என்று சத்தமாகச் சொல்லி, மணி அடித்துவிட்டுப் போனார்.

பாலம் வந்தது. கால் தன்னால் கட்டைச்சுவரைத் தேடி நீண்டது. ஊன்றி இறங்கித் திரும்பி நடந்தால் உடைமரம் கிட்டத்தான். ஒரு நொடி அப்படி நினைத்தார். கஞ்சி ஆறிவிடுமே என்று நினைத்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டு மிதித்தார்.

திரும்பி வரும்போது உடைமரத்தடியில் ஆள் இல்லை. ஆடுகள் மட்டும் கேட்பாரற்றுச் சாலையில் நின்றன. அவர் மெதுவாக மிதித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். நிறுத்த அங்கே கல் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மனிதன் இல்லத்துக்கு வந்தான். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. வடிவின் புருஷன் சுடலைமுத்து. அம்மா வாகை மரத்தடியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாசிலாமணி தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எம் பொஞ்சாதி போயிட்டா அம்மா" என்றான் சுடலைமுத்து. "விரியன் கடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவ நேரமாயிட்டு. கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொல்லுதாரு."

மாசிலாமணியின் கையிலிருந்து தூக்குவாளி நழுவியது.

"ஆட்டோவுல போகும்போது அவளுக்குப் பேச்சு இருந்துச்சு. சைக்கிள்ல ஒரு அண்ணாச்சி போனாரு, கை காட்டினேன், நிக்கலைன்னு சொன்னா. மணி அடிச்சிட்டுப் போனாருன்னு சொன்னா." அவன் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. "சைக்கிள்ல போறது உங்க ஆளுங்கதான். யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒரு வார்த்தை கேக்கணும்."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. காயும் நறுக்கவில்லை.

மகனைக் கடந்து போனவர்களில் ஒருவன், ஒரே ஒருவன், என் முன்னால் வந்து நிற்க மாட்டானா என்று மாசிலாமணி சாமியிடம் வேண்டாத நாள் இல்லை. வந்தால் அவனை என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். இப்போது ஒருவன் நின்றான். அவருடைய மெஷின் மிதித்த கால்களில், அவருடைய மகனின் சட்டையில் நின்றான். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நான்தான்" என்றார்.

சுடலைமுத்து அருகில் வந்தான். அடித்தால் தேவலை என்று இருந்தது மாசிலாமணிக்கு. அவன் அடிக்கவில்லை.

"ஏன் நிக்கலை?"

அவரே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்த கேள்வி. மலை மாதிரி கனத்த கேள்வி. அதற்கு இவ்வளவு சின்னப் பதில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"கால் எட்டாது."

"கால் எட்டாதா?"

சுடலைமுத்து சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தான். கிட்டே போய் அதன் சீட்டை ஒரு தடவை தொட்டான். பிறகு மாசிலாமணியின் கால்களைப் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

மாசிலாமணி உள்ளே போய் இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்தார். சைக்கிளை மரத்தில் சாய்த்தார். தொங்கிய சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, வெல்டிங் மேல் ரம்பத்தை வைத்து அறுக்க ஆரம்பித்தார். சைக்கிள் ஆடியது. ரம்பம் வழுக்கி அவர் விரலைக் கிழித்தது. நிறுத்தவில்லை.

அம்மா வந்து சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"கால் எட்டாதுன்னு சொன்னது பாதிதான் அம்மா" என்றார், அறுத்துக்கொண்டே. "பாலத்துல நிறுத்தியிருக்கலாம். அங்கன எட்டும். நிறுத்தலை."

அம்மா சைக்கிளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இரும்புத்தூள் உதிர்ந்தது.

"மொத நாளே இதை அறுத்துப் போடுங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாம்." அவர் குரல் உயர்ந்தது. "தெனமும் கேரியரைப் பிடிச்சீங்க. எல்லார்கிட்டயும் கேட்டீங்க, என்கிட்ட மட்டும் கேக்கலை. சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"உங்க சட்டைக் கையைப் பாத்தேன். பாவமா இருந்துச்சு. தாண்டிப் போயிட்டேன்."

ரம்பம் நின்றது. மாசிலாமணி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஊரே கூப்பிடும் அம்மா இல்லை. தப்பு செய்துவிட்ட ஒரு பெண்தான் இருந்தாள்.

அவள் ரம்பத்தை அவரிடமிருந்து வாங்கி, மிச்சத்தை அறுத்தாள். சீட் தனியாகக் கையோடு வந்தது. குழாய்க்குள் மாட்டியிருந்த துண்டைக் கழற்ற முடியவில்லை. சுத்தியலால் தட்டினாள். அது உள்ளே சறுக்கிக்கொண்டு போய் அடியில் விழுந்த சத்தம் கேட்டது.

"அவன் உசரம் உள்ள கெடக்கு" என்றார் மாசிலாமணி. "ஓட்டும்போது சத்தம் போடும்."

"போடட்டும்."

அறுத்த முனையை அரத்தால் ராவினாள். பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றிய வளையத்தைப் போட்டு, சீட்டைக் கீழே இறக்கி, ஸ்பேனரால் முடுக்கினாள். மாசிலாமணி குந்தி உட்கார்ந்து அழுதார். மகன் செத்த அன்று அழுததுபோல வாய்விட்டு அழுதார். அம்மா அவரைத் தேற்றவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் வாகை மரத்தடியில் சைக்கிள்கள் நின்றன. மாசிலாமணி கல்லைத் தேடவில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார். அம்மா பின்னால் வந்து கேரியரைப் பிடித்தாள். குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னாள். முழங்கால் நீண்டது. முன்பாதத்தை வைக்கச் சொன்னாள். லேசாக மடங்கியது. ஹேண்டில்பாரை ஒரு திருகு திருகிக் கிட்டே கொண்டுவந்தாள். அவர் தோள் தளர்ந்தது. உடம்பில் எங்கேயும் வலிக்கவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது.

"கால் தரையில படுதா?"

இரண்டு பாதங்களாலும் மணலை அழுத்திப் பார்த்தார்.

"படுது அம்மா."

தூக்குவாளியை மாட்டினாள்.

"பொன்னையாவுக்குத்தானே?" என்று கேட்டார் மாசிலாமணி.

"பொன்னையாவுக்கு நான் போறேன். நீங்க சுடலைமுத்து வீட்டுக்குப் போங்க. துட்டி வீடு. அங்க இன்னைக்கு அடுப்பு எரியாது."

மாசிலாமணி பெடலில் காலை வைக்கவில்லை. தூக்குவாளியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"என் கையால வாங்க மாட்டாங்க அம்மா."

அம்மா கேரியரிலிருந்து கையை எடுத்தாள்.

"வாங்கலைன்னா வாசல்ல நில்லுங்க. இப்பம் கால் எட்டுதுல்லா."